காணாமல் போன 76 கிராம்: காரம் கூடிய சோப்பை மறுபடி உருக்கித் தேற்றிய முழு விவரம்

போன கார்த்திகையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் பாபநாசத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். வெளியே நல்ல மழை. "சோப்பு கைய அரிக்குதும்மா. திரும்ப உருக்கிப் பார்த்தேன், இப்ப களி மாதிரி கெடக்கு. தூக்கிப் போட்டுடவா?" என்றார். தூக்கிப் போட வேண்டாம், மேற்கொண்டு எதையும் ஊற்றவும் வேண்டாம், அடுப்பை அணைத்துவிட்டு மூடி வையுங்கள், காலையில் வருகிறேன் என்றேன்.

இதை விவரமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் சோப்பு போடுகிறவர்கள் ஏதாவது தவறிவிட்டால் உடனே துருவி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். அடுப்பில் ஏற்றியதால் மட்டும் எந்தச் சோப்பும் சரியாவதில்லை. எது தவறியது, எத்தனை கிராம் தவறியது என்று தெரிந்தால்தான் உருக்குவதில் பலன் இருக்கிறது. இல்லாவிட்டால் பழைய தவறு அப்படியே புதுக் கட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கூடவே இரண்டு புதுத் தவறுகளும் சேரும். இந்த அக்கா வீட்டில் நடந்தது அதுதான்.

அவர் தாளில் எழுதி வைத்திருந்த கணக்கு நல்ல கணக்கு. தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரம்) 160, தண்ணீர் 320. போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒவ்வொரு எண்ணெயும் முழுதாகச் சோப்பாக மாற இவ்வளவு காஸ்டிக் வேண்டும் என்று ஒரு எண் உண்டு. தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்குச் சுமார் 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 168 கிராம் வரும், அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 160. அந்த ஐந்து சதவீதக் குறைப்பால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும், சோப்பு போடுகிறவர்கள் சூப்பர்ஃபேட் என்று சொல்வது அதைத்தான். தோலுக்கு அது இதம். அதைவிட முக்கியம், நிறுவையில் சின்னத் தவறு வந்தால் தாங்கிக்கொள்ளும் இடைவெளியும் அதுதான். தாளில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏன் கை எரிகிறது?

வீடு குடமுருட்டி ஆற்றங்கரைப் பக்கம். போய்ச் சேர்ந்ததும் களியை நான் திறந்து பார்க்கவில்லை. "நீங்க அன்னிக்கு எப்படி செஞ்சீங்களோ, எண்ணெய்க்குப் பதிலா தண்ணிய வெச்சு அதே மாதிரி ஒரு தடவ செஞ்சு காட்டுங்கக்கா" என்றேன். இது எனக்குப் பழக்கம். என்ன செய்தோம் என்று வாயால் சொல்லும்போது நாம் செய்ய நினைத்ததைத்தான் சொல்வோம், கை என்ன செய்தது என்பது கைக்குத்தான் தெரியும். அவர் மின்தராசை எடுத்து வைத்தார், காலி டப்பாவை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார், காஸ்டிக்குக்குப் பதில் கல்லுப்பை 160 வரும்வரை நிதானமாகப் போட்டார். அந்த அளவுக்குக் கவனமான கை. அடுத்து தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தார், 700 என்ற கோடு வரை தண்ணீரை ஊற்றினார், குனிந்து கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார், சரி என்று நிமிர்ந்தார்.

அங்கேயே புரிந்துவிட்டது. அந்த 700 மில்லி. கிராம் இல்லை.

இதில் அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் எண்ணெய் என்பது அளக்கிற பொருள். ஆழாக்கு, உழக்கு, படி என்று அளந்து அளந்து வந்த கை, இன்றைக்கு லிட்டர் பாட்டிலில் வாங்குகிறது, செக்கில் போய் நின்றாலும் பெரும்பாலும் லிட்டர் கணக்குதான் பேசுகிறோம். உப்பு, புளி, காஸ்டிக் எல்லாம் நிறுக்கிற சாமான், எண்ணெய் ஊற்றுகிற சாமான் என்று மனசுக்குள் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசு. எண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரு லிட்டர் என்றும் பக்கத்திலேயே 910 கிராம் என்றும் போட்டிருப்பார்கள். அந்த 90 கிராம் வித்தியாசம் தோசைக்கு ஒன்றும் செய்யாது. சோப்புக்குச் செய்யும்.

அங்கேயே ஒரு தாளை எடுத்து எழுதினோம். தேங்காய் எண்ணெய் 700 மில்லி என்றால் 644 கிராம். நல்லெண்ணெய் 200 மில்லி 184 கிராம். விளக்கெண்ணெய் கொஞ்சம் கனமானது, 100 மில்லி 96 கிராம் வரும். ஆக, பாத்திரத்தில் உண்மையில் விழுந்தது 924 கிராம். 76 கிராம் எண்ணெய் ஜக்குக்கும் தாளுக்கும் நடுவில் காணாமல் போயிருக்கிறது. அந்த 924 கிராமும் கடைசிச் சொட்டுவரை சோப்பாக மாறுவதற்கே 155 கிராம் காஸ்டிக் போதும், போட்டது 160. சூப்பர்ஃபேட் என்ற இடைவெளி முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் 5 கிராம் காஸ்டிக் சேர ஆளில்லாமல் சோப்புக்குள் நிற்கிறது. "அஞ்சு கிராமுக்கா இந்த எரிச்சல்?" என்று அக்கா கேட்டார். ஆமாம், ஐந்து கிராம்தான். ஒரு சின்னக் கரண்டியில் அடங்கிவிடும்.

முதலில் போட்ட கட்டியில் இருந்த அறிகுறிகளையும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் வெட்டும்போது ஓரம் உதிர்ந்திருக்கிறது, மேலே வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது, போட்ட மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கிறது. மஞ்சள் சிவந்ததைப் பார்த்துத்தான் காரம் அதிகம் என்று அக்கா முடிவு செய்திருந்தார். முடிவு சரி, ஆனால் அதற்குச் சொன்ன காரணம் தவறு, அடுத்த முறை இதே காரணம் நல்ல சோப்பையும் குற்றவாளியாக்கிவிடும். ஆரத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் ரத்தச் சிவப்பாகிறதே, அதே வேலைதான் சோப்புக்குள்ளும் நடக்கிறது. சரியாகப் போட்ட சோப்பே காரத்தன்மை உள்ளதுதான், அதன் பிஎச் 9க்கும் 10க்கும் நடுவில் நிற்கும், மஞ்சளைச் சிவக்க வைக்க அதுவே போதும். மேலே படியும் வெள்ளைப் பொடியும் அப்படித்தான், பெரும்பாலும் காற்றில் உள்ள கரியமில வாயு பட்டு மேற்பரப்பில் உண்டாகும் சோடா உப்பு அது, துடைத்தால் போய்விடும். உதிர்வதும் ஒரு சந்தேகம்தான், தீர்ப்பாகாது, ஏனென்றால் தேங்காய் எண்ணெய் இவ்வளவு கூடுதலாக இருக்கும் சோப்பை ஒரு நாள் தாமதித்து வெட்டினாலே உதிரும்.

நான் நம்புகிற சோதனை நாக்குச் சோதனை. விரலை நனைத்து சோப்பில் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் லேசாக வைக்க வேண்டும். நல்ல சோப்பு என்றால் சோப்புச் சுவை, அவ்வளவுதான். காஸ்டிக் மிச்சம் இருந்தால் டார்ச் லைட் செல்லை நாக்கில் வைத்தது போல சுருக்கென்று ஒரு வெட்டு வெட்டும், சந்தேகத்துக்கே இடம் வைக்காது. உடனே வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். காரம் பட்டால் ரோஸ் நிறமாகும் பினால்ப்தலின் என்ற திரவத்தைச் சொட்டு விட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆனால் ஈரமான நல்ல சோப்பிலும் அது வெளிர் ரோஸ் காட்டிவிடும், அதனால் ஒரே கட்டியை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

நல்லவேளையாக, முதல் கட்டியை வெட்டியபோது விழுந்த ஓரத்துண்டு ஒன்று ஜன்னல் கட்டையில் இருந்தது. சுண்டு விரல் நீளம், இரண்டு விரல் கனம். உருக்கும்போது அதைப் போட மறந்திருக்கிறார். அதில் வைத்துப் பார்த்தேன், சுருக்கென்றது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு பாத்திரத்தில் இருந்த களியில் நான்கு இடத்தில் எடுத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் நன்றாக வெட்டியது, இரண்டு இடத்தில் லேசாக, ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் அந்த இடம் விரலில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியது. ஓரத்துண்டு ஒரு கதை சொல்ல, களி வேறு கதை சொன்னது. நடுவில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

எலுமிச்சம்பழம். காரத்துக்குப் புளிப்பு என்று யாரோ சொல்ல, நான்கு பழம் பிழிந்து ஊற்றியிருக்கிறார்.

இதைக் கேட்டு நான் தலையில் கை வைக்கவில்லை, தாளை மறுபடி எடுத்தேன். நான்கு பழத்தில் ஏறக்குறைய 120 மில்லி சாறு. எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு வைத்தால் 6 கிராம். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் 0.625 கிராம் காஸ்டிக்கை விழுங்கும், ஆக 3.7 கிராம் காஸ்டிக் போயிருக்க வேண்டும். கூடுதலாக இருந்தது 5. மிச்சம் 1.3 கிராம்தான். அதாவது அக்காவின் கைவைத்தியம் முக்கால் வாசி வேலை செய்திருக்கிறது, ஆனால் சீராகக் கலக்காமல் செய்திருக்கிறது. புளிப்பு விழுந்த இடத்தில் காஸ்டிக் தீர்ந்து, அதற்கு மேலும் புளிப்பு மிஞ்சி, அது சோப்பையே உடைத்துக் கொழுப்பாக்கிவிட்டது, அதுதான் விரலில் ஒட்டிய பிசுக்கு. புளிப்பு எட்டாத இடத்தில் காஸ்டிக் அப்படியே இருக்கிறது. அளவு தெரிந்து போட்டால் சிட்ரிக் அமிலம் நல்ல சாமான், அதிலிருந்து உண்டாகும் உப்பு நம் ஊர் போர் தண்ணீர் மாதிரி கடினத் தண்ணீரில் சோப்பு படலம் கட்டாமல் இருக்க உதவும். கண்ணால் பார்த்து ஊற்றுவதில்தான் ஆபத்து.

இந்த இடத்தில் நான் அவசரப்பட்டிருந்தால் இன்னொரு தவறு செய்திருப்பேன். எலுமிச்சை விஷயம் தெரிவதற்கு முன் என் கணக்கு வேறாக இருந்தது: பழைய ஐந்து சதவீத சூப்பர்ஃபேட்டை மீட்க 160ஐ 0.95ஆல் வகுத்தால் 168.4, அதில் 155 போக 13.4, அதை 0.183ஆல் வகுத்தால் 73 கிராம் தேங்காய் எண்ணெய் (காணாமல் போன 76க்குப் பக்கத்திலேயே வருவதைப் பாருங்கள், கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி). ஆனால் எலுமிச்சை 3.7 கிராமைத் தின்ற பிறகு கணக்கில் நிற்கும் காஸ்டிக் 156.3தான். அதை அதே வழியில் போட்டால் தேவை 52 கிராம். நான் 50 என்று வைத்துக்கொண்டேன். 73 கிராம் ஊற்றியிருந்தாலும் யாருக்கும் காயம் ஆகாது, ஆனால் ஏழு சதவீதத்துக்கு மேல் எண்ணெய் மிஞ்சி, ஏற்கெனவே கொழகொழவென்று இருக்கும் சோப்பு இன்னும் மெத்தென்று போயிருக்கும், சிக்குவாடை அடிப்பதற்கும் வழி வைத்திருக்கும். மிச்ச காஸ்டிக்கைத் தீர்க்க மட்டும் என்றால் 7 கிராம் எண்ணெயே போதும்.

எண்ணெய்க் கணக்கு முடிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர்.

துருவிய சோப்பு லேசில் உருகவில்லை என்று அக்கா அரை லிட்டர் தண்ணீர் ஊற்றியிருந்தார். எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்து 620 மில்லி. முதலில் சோப்புக் கலவையில் போட்ட 320 வேறு உள்ளே இருக்கிறது. மறுபடி உருக்கும்போது புதுச் சோப்புக்கு வெளித் தண்ணீர் அநேகமாகத் தேவையே இல்லை. போட்டு இரண்டு மூன்று நாளான சோப்பு ஒரு கிலோவுக்கு நூறு மில்லி தெளித்தாலே தாராளம், மாதக்கணக்கில் காய்ந்த சோப்பு என்றால்தான் இருநூறு, இருநூற்றைம்பது வரை போக வேண்டியிருக்கும். சோப்பு உருகாதது தண்ணீர் குறைந்ததால் இல்லை, நேரம் கொடுக்காததால். இவ்வளவு தண்ணீரோடு அச்சில் ஊற்றினால் அது கட்டுவதற்கே இரண்டு வாரம் ஆகும், கட்டிய பிறகும் காயக் காய நடுவில் பள்ளம் விழுந்து, ஓரம் வளைந்து, வற்றல் மாதிரி சுருங்கிவிடும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. முதலில் அலுமினியக் குண்டானில் வைத்திருக்கிறார். பொங்கிப் பொங்கி வந்ததாகவும், பாத்திரம் கறுத்ததைப் பார்த்து எவர்சில்வருக்கு மாற்றியதாகவும் சொன்னார். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றும் வாயு, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் வரவே கூடாது. சாம்பல் நிறம் ஏறிய பகுதி சுமார் நூறு கிராம் இருந்தது, அதைத் தனியே வழித்தெடுத்துவிட்டேன், உடம்புக்குப் போடுகிற சோப்பில் அது வேண்டாம். கணக்கில் அது பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை.

தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று யோசித்தபோது முதலில் தோன்றியது உப்பு. கெட்டியான உப்புக் கரைசலை ஊற்றிக் கொதிக்க வைத்தால் சோப்பு தயிர் போலத் திரண்டு மேலே வரும், தண்ணீரும் மிச்சக் காஸ்டிக்கும் அடியில் தங்கும், பழைய சோப்புப் பட்டறைகளின் முறை அது. எனக்குப் பிடித்த முறையும்கூட. ஆனால் இதில் எழுபது சதவீதம் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலேயே நுரைக்கிற சாதி, கடல் தண்ணீரில் குளிக்கக் கப்பல்காரர்கள் வைத்திருந்தது அதைத்தான். அதைத் திரட்ட உப்பைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், திரண்டாலும் கிளிசரின் எல்லாம் அடித் தண்ணீரோடு போய்விடும். வேண்டாம் என்று விட்டேன். அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுவதும் சரிவராது, சோப்புக் களி பாயசம் மாதிரி சுண்டாது, அடிபிடிக்கும், நுரைத்துப் பொங்கும்.

மிஞ்சியது வடகம் போடுகிற வழி. நான்கு தாம்பாளம், எல்லாம் எவர்சில்வர், களியை விரல் கனத்துக்குப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். பரப்பியபோது நிறுத்தது 1,840 கிராம். எதுவரை காயவிட வேண்டும் என்பதும் தராசிலேயே இருக்கிறது: 1,350க்குப் பக்கம் வந்தால் ஊற்றிய கூடுதல் தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். பங்குனி, சித்திரை என்றால் இரண்டே நாளில் வேலை முடிந்திருக்கும். கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக நிற்கிறது, முதல் நாள் 60 கிராம்கூடக் குறையவில்லை, அக்கா போனில் சோர்ந்துபோய்ப் பேசினார். மூன்றாம் நாள் தோல் கட்டியதும் கரண்டியால் கீறி, திருப்பிப் போடச் சொன்னேன். ஐந்தாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. ஆறாம் நாள் காலை 1,360.

இந்த ஆறு நாளை யாரும் தவிர்க்கக் கூடாது என்றுதான் சொல்வேன். மறுபடி உருக்கியது கெட்டுப்போனால் உடனே மூன்றாவது முறை அடுப்பில் ஏற்றத்தான் கை போகும், அதில்தான் சோப்பு பாழாகிறது.

ஆறாம் நாள் நானும் போனேன். காய்ந்த ஏட்டைப் பிய்த்து எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடி, இட்லிப் பானைக்குள் தண்ணீர் விட்டு அதன் நடுவில் வைத்தோம். நேரடித் தீ கிடையாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டோம். சூடான சோப்புக் குழம்பு மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும், உள்ளே இன்னும் காஸ்டிக் வேறு இருக்கிறது. பட்டால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும், எலுமிச்சை, வினிகர் எதையும் தோலில் தேய்க்கக் கூடாது, கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அக்காவின் நாத்தனார் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை கிளறப் போனார், வேண்டாம் என்று தடுத்தேன், கிளறக் கிளறக் காற்று புகுந்து நுரைதான் ஏறும். கால் மணிக்கு ஒரு தடவை அடியிலிருந்து மடித்துவிட்டால் போதும். ஒரு மணி நேரம் கழித்து ஓரங்கள் கண்ணாடி மாதிரி ஆயின, வெந்த ஜவ்வரிசியின் பளபளப்பு, நடுவில் மட்டும் வெள்ளைக் கட்டிகள். அப்போது 50 கிராம் தேங்காய் எண்ணெயைத் தனியே சூடாக்கி ஊற்றினோம். ஆறிய எண்ணெயை ஊற்றினால் அந்த இடம் இறுகிக்கொள்ளும், கார்த்திகைக் குளிரில் காலையில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கிறதே, அதை அப்படியே போட்டால் கலக்கவே கலக்காது. அந்த எண்ணெயை அக்கா தராசில்தான் நிறுத்தார். ஜக்கைத் தொடவில்லை.

எண்ணெய் போட்டதும் குழம்பு முறிந்தது போலத் தோன்றும், மேலே எண்ணெய் மிதக்கும். பயப்பட வேண்டாம். மத்தால் அழுத்திக் கடைந்தோம், பத்து நிமிஷத்தில் சேர்ந்துகொண்டது. அப்புறம் இன்னும் நாற்பது நிமிஷம் மூடி வைத்தோம், எண்ணெய் போட்டவுடன் இறக்கிவிடுவது பலர் செய்கிற தவறு, எண்ணெய் போய்க் காஸ்டிக்கைச் சந்திக்க நேரம் வேண்டும். பிறகு அடி, நடு, மேல், ஓரம் என்று நான்கு இடத்தில் துளி எடுத்து ஆறவிட்டு நாக்கில் வைத்தேன். மூன்றில் ஒன்றுமில்லை. அடியில் மட்டும் மிக லேசாக ஒரு சுருக். மறுபடி அடியோடு மடித்து இருபது நிமிஷம். அதன் பிறகு நான்கிலும் வெறும் சோப்புச் சுவை. அக்காவும் வைத்துப் பார்த்தார், ஜன்னல் கட்டையில் இருந்த ஓரத்துண்டையும் தொட்டு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டார்.

குழம்பு அச்சில் இறங்கும் அளவுக்கு இளகவில்லை. இங்கேதான் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையை இரண்டு கரண்டி வெந்நீரில் கரைத்துச் சேர்த்தோம், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தது, நுரைக்கும் அது நல்லது. லெமன்கிராஸ் எண்ணெயைக் கடைசியில்தான் போட்டோம். முதல் தடவை அக்கா கொதிக்கும் களியில் ஊற்றி, வீடெல்லாம் மணந்து, சோப்பில் மணம் இல்லாமல் போயிருந்தது. தூக்கை இறக்கி வைத்து, 60 டிகிரிக்குப் பக்கம் இறங்கிய பிறகு 20 கிராம். அதற்கு மேல் ஆறவிட்டால் குழம்பு இறுகிவிடும், அந்தச் சின்ன இடைவெளியில் வேலையை முடிக்க வேண்டும்.

பட்டர் பேப்பர் போட்ட டிபன் பெட்டியில் கரண்டி கரண்டியாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் அழுத்தி, மடித்த சாக்கின் மேல் பெட்டியை நன்றாகத் தட்டினோம். தட்டாவிட்டால் உள்ளே காற்றுப் பொந்து விழும். 1,340 கிராம் பெட்டியில் ஏறியது, மறுநாள் மாலை வெட்டியபோது பன்னிரண்டு கட்டி. முகம் வழவழவென்று இல்லை, பொரிவிளங்காய் உருண்டை மாதிரி மேடு பள்ளமாக, செம்மண் நிறத்தில் இருந்தது. மறுபடி உருக்கிய சோப்பு அப்படித்தான் இருக்கும், அதை வழவழப்பாக்கப் போகும்போதுதான் மறுபடி தண்ணீர் உள்ளே வரும். எனக்கு அந்த முகமே பிடித்திருந்தது.

எல்லாச் சோப்பையும் இப்படித் தேற்ற முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்குவாடை அடிக்கும் சோப்பு என்றால் எண்ணெய் கெட்டுவிட்டது, உருக்கினால் அந்தக் கேடு மொத்தத்துக்கும் பரவும். பாசிப்பயறு மாவு, பழக்கூழ் போட்டுப் பூசணம் பிடித்ததும் அப்படியே. எண்ணெய் கூடிப்போய்க் காஸ்டிக் குறைந்த சோப்பைக் காஸ்டிக் கரைசல் சேர்த்துச் சரிசெய்யலாம், கணக்கு இதே கணக்குதான், ஆனால் அது திரும்பவும் காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைக்கிற வேலை (எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும்), அனுபவம் இல்லாதவர்கள் அதைத் துணிச் சோப்பாக வைத்துக்கொள்வதே நல்லது. எல்லாவற்றிலும் கடினமானது எவ்வளவு போட்டோம் என்றே தெரியாத சோப்பு. எனக்கே ஒரு முறை நடந்தது, காஸ்டிக் நிறுக்கும்போது நடுவில் தராசு அணைந்துவிட்டது, மீண்டும் போட்டபோது பூச்சியத்திலிருந்து எண்ணியது, முன்னால் போட்டது எவ்வளவு என்று மனசில் பிடிபடவில்லை, உத்தேசமாகப் போட்டு முடித்தேன். கட்டி சுருக்கென்றது. எத்தனை கிராம் கூடுதல் என்று சொல்ல எந்த எண்ணும் கையில் இல்லை. இரண்டு கிலோ சோப்பு, ஆனாலும் அதை நான் உருக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன்.

அக்கா அந்தப் பன்னிரண்டு கட்டியையும் மூங்கில் தட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல், அறையின் காற்றோட்டமான மூலையில் அடுக்கினார். மார்கழி முழுக்கக் காலையில் மேலே பனித்துளி கோத்தது போல வியர்த்தது, சோப்பில் இருக்கும் கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், துடைக்காமல் விட்டாலே உள்ளே போய்விடும். வெட்டியபோது ஒரு கட்டி 110 கிராம் இருந்தது. தை முடிவில் 95. இரண்டு வாரமாக எடை அசையவில்லை என்று அவரே போன் செய்து சொன்னார். கையில் அரிப்பு இல்லை, நுரை நன்றாக வருகிறது, போர் தண்ணீரிலும் வருகிறது. சாம்பல் நிறத்தில் ஒதுக்கிய நூறு கிராம் தரை துடைக்கப் போனது, ரப்பர் கையுறையோடு.

நடுவில் அவருக்கு ஒருவர் சொல்லியிருந்தார், உருக்கியிருக்கவே வேண்டாம், ஆறு வாரம் அப்படியே வைத்திருந்தால் காரம் தானாக அடங்கியிருக்கும் என்று. அதற்காகவே அந்த ஓரத்துண்டை ஜன்னல் கட்டையை விட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். மாசி பிறந்ததும் ஒரு வேலையாகப் பாபநாசம் போனவள் அக்கா வீட்டுக்கும் போனேன். துண்டு கல்லு மாதிரி காய்ந்திருந்தது, மேலே வெள்ளைப் பொடி. மேல்பக்கத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன், ஒன்றுமில்லை. "அப்ப அவங்க சொன்னது சரிதானா?" என்றார் அக்கா. அரிவாள்மனையில் வைத்து நடுவில் வெட்டச் சொன்னேன். வெட்டிய முகத்தில் விரலை நனைத்துத் தேய்த்து முதலில் அவரே நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு ஓடினார்.